டியூ சொன்னதும் டிஎஃப் சொன்னதும்

இது ஒரு சின்ன லினக்ஸ் மேட்டர். கொஞ்சம் வீட்டு மேட்டரும் கூட.

போன செவ்வாய்க்கிழமை அடையார் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கும்போது மயிலாப்பூர்லேர்ந்து அப்பா போன். "டேய், லேப்டாப்ல இடமே இல்லைங்குது. பாட்டி பேசினது ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கே, அதைத் தூக்கிடவா?"

வயித்துல புளியைக் கரைச்சுது. பாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. சின்ன வயசுல அறுபத்துமூவர் கூட்டத்துல தொலைஞ்சுபோய், வளையல் கடை வாசல்ல உட்கார்ந்து அழுத கதையெல்லாம் அதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. (சாப்ட்வேர் இன்ஜினியர் வீட்டு லட்சணம்!)

"எதையும் தொடாதீங்கப்பா"ன்னு வெளிய ஓடிவந்து, டெர்மினலைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா சொன்னேன். முதல்ல டிஎஃப் மைனஸ் ஹெச். 90 ஜிபியும் ரொம்பி வழியுது, 100 சதவீதம். அப்புறம் டியூ மைனஸ் எஸ்ஹெச் ஸ்டார். பாட்டி ஃபோல்டர் வெறும் 412 எம்பி! மொத்தத்தையும் கூட்டினாக்கூட 9 ஜிபி தாண்டலை.

அப்புறம்தான் உறைச்சுது. ஸ்டார் போட்டா, புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைலெல்லாம் கணக்குல வராது. டியூ மைனஸ் ஏஹெச் மைனஸ் டி 1 அடிக்கச் சொன்னேன். அப்பா நிதானமா படிச்சார்: "புள்ளி பேக்கப் புள்ளி லாக்... 61ஜி."

குற்றவாளி அடியேன்தான். பாட்டி குரலை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி எடுக்க நான் எழுதின ஸ்கிரிப்ட் அது. அந்த டிஸ்க்கை நானே கழட்டி, அழிச்சு, வேற வேலைக்கு வச்சுக்கிட்டேன். ஸ்கிரிப்ட் பாவம், டிஸ்க்கைக் காணோம் காணோம்னு லாக்ல புலம்பிக்கிட்டே இருந்திருக்கு.

லாகை அழிச்சாச்சு. டிஎஃப் மறுபடியும் 100! டியூ பேர் இருக்கிற ஃபைலை ஒவ்வொண்ணா போய்ப் பார்த்துக் கூட்டும். டிஎஃப் நேரா ஃபைல் சிஸ்டத்தையே கேட்கும். பேர் போனாலும், ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும் இடம் திரும்பாது. ஸ்கிரிப்டை நிறுத்தினதும் கிட்டத்தட்ட 33 சதவீதம்.

ரெண்டு கமாண்டும் 1971 யூனிக்ஸ் முதல் பதிப்புலயே உண்டு. அப்போ அவங்ககிட்ட இருந்த டிஸ்க் அரை மெகாபைட். பாட்டி ஒரு கதையை ஆரம்பிக்கவே பத்தாது :-)

ராத்திரி வீட்டுக்குப் போனா, கூடத்துல பாட்டி குரல். அப்பா வளையல் கடை கிட்ட வந்திருந்தார்.

பென் டிரைவ் வாங்கத்தான் மறந்துட்டேன். நாளைக்கு முதல் வேலை அதுதான்.