ஆமா, டீச்சர்

அந்தப் பிள்ளையின் பெயரை எழுதப் போவதில்லை. ஊரையும் சொல்லப் போவதில்லை. அப்போது அவளுக்கு 22 வயது. சோறு வடிப்பாள், தானே தலை பின்னிக்கொள்வாள், தம்பியின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடுவாள். மணி பார்க்கத் தெரியாது. நேற்று, போன வாரம், போன வருஷம் எல்லாமே அவளுக்கு "அன்னைக்கு"தான். சிறப்புக் கல்வி வகுப்பில் ஆறு ஆண்டுகள் என்னிடம் படித்தவள்.

ஒரு நாள் காலையில் அவள் அம்மா போன் செய்தார். "டீச்சர், கோர்ட்டுல இவள சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. கூட வருவீங்களா?"

வேலைக்கு ஏற்றிச் சென்ற வேன்காரர் மீது வழக்கு. போலீஸ் புகார், மருத்துவமனைப் பரிசோதனை எல்லாம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது. விஷயம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவர், "அதுக்கு என்னா தெரியும்? கேஸ வாபஸ் வாங்கிடு. உனக்குத்தான் அசிங்கம்" என்றாராம். அந்த அம்மா வாங்கவில்லை.

இவளால் சாட்சி சொல்ல முடியுமா, சட்டம் அதை ஏற்குமா என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் விளக்கினார். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆவது பிரிவுப்படி, கேள்வியைப் புரிந்துகொண்டு ஏற்ற பதில் சொல்ல முடிந்த எவரும் சாட்சி சொல்லலாம். மனநிலைக் குறை இருப்பது மட்டுமே தடை ஆகாது.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. சிறுவர் சாட்சிகளுக்கென்று நம் நாட்டில் 2007இல் தனிச் சட்டமே வந்தது. நடுவில் திரை, வீடியோ வழி சாட்சியம், கேள்வியை எளிமையாக்கிக் கேட்க ஓர் இடையாள், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் என்று அதில் பல ஏற்பாடுகள் உண்டு. அது வந்தபோது 16 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. சட்டம் பார்ப்பது பிறந்த தேதியை. இவளுக்கு அடையாள அட்டையில் 22. அறிவு வளர்ச்சி ஆறேழு வயதுக்குத்தான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், சிறுமிக்கு உரிமையாகக் கிடைப்பதை இவளுக்காக ஒவ்வொன்றாய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மூடிய அறை கிடைத்தது. திரையும் கிடைத்தது. இடையாள் கிடைக்கவில்லை.

"நடந்ததைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது டீச்சர். சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும்" என்று எச்சரித்திருந்தார்கள். ஆகவே மணிலா அட்டையில் நீதிமன்றத்தை வரைந்து, யார் எங்கே உட்காருவார்கள் என்று மட்டும் காட்டினேன். நீதிபதியின் நாற்காலி உயரமாக இருப்பது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அன்று நீதிபதி முதலில், உண்மைக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். "பொய் சொன்னா அம்மா அடிப்பாங்க" என்றாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். கனடாவில் இப்படிப்பட்ட ஒரு பெண்ணால் அந்தக் கேள்விகளுக்கு விளக்கம் சொல்ல முடியாமல் போக, விசாரணை நீதிபதி அவளைச் சாட்சி சொல்லவே விடவில்லை; குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானார். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. நடந்ததைச் சொல்ல முடிந்து, உண்மை சொல்வதாக வாக்குக் கொடுத்தால் போதும், உண்மையின் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை என்று கூறி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. இதை நான் பின்னால்தான் படித்தேன். உண்மை என்றால் என்ன என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் திக்கித்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு மொழி குறுக்கே வந்தது. வழக்கறிஞர் மலாயில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழில் சொன்னார். அதுதான் வினையே. "சம்பவம் நிகழ்ந்த தினத்தன்று குற்றஞ்சாட்டப்பட்டவர் உங்களை எவ்விடத்திற்கு அழைத்துச் சென்றார்?" அவள் சுற்றிப் பார்த்தாள். "அது யாரு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. நீதிபதியே, வீட்டில் பேசுகிற தமிழில் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்றார். "வேன் அங்கிள் எங்க கூட்டிட்டுப் போனாரு?" என்றதும் பதில் வந்தது. முன்கண்ணாடியில் தொங்கிய பச்சைக்கிளி பொம்மை வரைக்கும் சொன்னாள்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கத்தவில்லை, மிரட்டவில்லை. மிகவும் கனிவாகவே பேசினார்.

"வேன் ஆத்தோரம்தானே நின்னுச்சு?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஆத்தோரம்தானே?"

"ஆமா."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வகுப்பில் பதில் தப்பாக இருந்தால் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்பது என் வழக்கம். இரண்டாவது முறை கேட்டால் முதல் பதில் தப்பு என்பதை ஆறு ஆண்டுகளாக அவளுக்குப் பழக்கியது நான்தான். பெரியவங்க சொன்னா ஆமா சொல்லணும், எதிர்த்துப் பேசக்கூடாது, கூப்பிட்டா போகணும். அடக்கமான பிள்ளை என்று ஆண்டு நிறைவு விழாவில் பரிசுகூடக் கொடுத்தேன். மாட்டேன், தெரியாது என்கிற இரண்டு வார்த்தைகளை மட்டும் நான் கற்றுத் தரவே இல்லை. உடம்பின் சில உறுப்புகளின் பெயர்களையும் சொல்லித் தரவில்லை. அன்று அவள் அவற்றைக் கையால்தான் காட்டினாள்.

பின்வரிசையில் இருந்த நான் தலையை ஆட்டக்கூடாது. குனிந்து கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை ஆட்சேபித்தார். நீதிபதி பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்.

வெளியே நடைவழியில் மைலோ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "டீச்சர், நான் பாஸா?" என்று கேட்டாள்.

தீர்ப்பு பல மாதங்கள் கழித்து வந்தது. எப்போது என்ற கேள்வியில் அவள் குழம்பினாலும், யார், எங்கே, என்ன செய்தார் என்பதில் அடிப்படை மாறவில்லை, மருத்துவச் சான்றும் ஒத்துப்போகிறது என்றார் நீதிபதி. வேன்காரர் சிறைக்குப் போனார். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. இன்னொரு நீதிபதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

என் வகுப்பில் இப்போது ஒரு விளையாட்டு உண்டு. ஆரஞ்சுப் பழத்தைக் காட்டி, "இது வாழைப்பழம்தானே?" என்பேன். "இல்ல டீச்சர்" என்று சொல்ல வேண்டும். நான் முறைத்தாலும், மூன்று தடவை கேட்டாலும் மாற்றக்கூடாது. "தெரியாது" என்று சொன்னாலும் நட்சத்திரம் உண்டு. உறுப்புகளின் பெயர்களையும் சொல்லித் தருகிறேன். "இதெல்லாம் பிள்ளைங்ககிட்ட பேசலாமா டீச்சர்?" என்று ஓர் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஒப்புக்கொண்டு போனாரா, சலித்துப்போய்ப் போனாரா தெரியவில்லை.

அவள் இப்போது அம்மாவோடு காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டுகிறாள். போன மாதம் போயிருந்தேன். வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "நேத்தும் நான் வந்தேன்தானே?" என்று சும்மா கேட்டேன்.

"இல்ல டீச்சர்."

எனக்குச் சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா, டீச்சர்."