தேய்மானம் சொல்லும் செய்தி



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்திக்கும் டிராக் பந்தய மகிழுந்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு குடும்ப வழியில் வந்ததுதான். என் தம்பி கிள்ளானில் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றான். 402 மீட்டர் நேர்ப்பாதையில் ஓடும் பந்தய வண்டிகளுக்கு இயந்திரம் சீரமைத்துக் கொடுப்பது அவனுடைய தொழில். பள்ளி விடுமுறை நாள்களில் அவனுடைய கணக்கு வழக்குகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. கணக்கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாலும் கண்ணும் காதும் சும்மா இருப்பதில்லை அல்லவா? அங்கே கண்டவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நம் நாட்டுப் பட்டறைகளில் பழைய புரோட்டோன் வீரா வண்டியில் மிட்சுபிஷியின் 4ஜி63 இயந்திரத்தைப் பொருத்துவது நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். இரண்டு லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் வார்ப்பிரும்பு உடலும் கொண்ட இயந்திரம் அது. அதன் கீழ்ப்பகுதியைப் பட்டறையினர் 'பாட்டம் எண்ட்' என்பர். நாம் அடிப்பாகம் என்று சொல்லலாம். பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு, அதனைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள், இவை சுழலும் இடங்களில் அமர்ந்திருக்கும் பேரிங்குகள், எண்ணெய் பம்பு ஆகியவை அனைத்தும் அடிப்பாகத்தைச் சேர்ந்தவை.

பந்தயத்தைக் காண வருவோர் டர்போவைப் பற்றியே பேசுவர். அடிப்பாகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால், அது தாங்கும் சுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு 8,000 சுற்று என்றால், ஒரு பிஸ்டன் ஒரு நொடியில் ஏறத்தாழ 133 முறை மேலே சென்று கீழே வருகின்றது. ஒவ்வொரு முறையும் அது கடக்கும் தொலைவு ஒரு வழிக்கு 88 மில்லிமீட்டர். உச்சிக்கு விரைந்து செல்லும் பிஸ்டனைத் தடுத்து நிறுத்திக் கீழே இழுக்கும் வேலையில், ராடின் இரண்டு போல்ட்டுகளே பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று அறுந்தாலும் ராடு இயந்திரத்தின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கொதிக்கும் எண்ணெய் டயருக்கு அடியில் கொட்டும். அதன் பிறகு வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எவரும் சொல்ல இயலாது.

இத்தனை சுமையையும் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். கிராங்கும் பேரிங்கும் நேரடியாக உரசிக்கொள்வதில்லை. இரண்டிற்கும் நடுவே எண்ணெய் நிற்பதற்கு இடைவெளி வேண்டும். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளின் பொதுக்கணக்கு. ராடு பொருந்தும் இடத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர். ஆகவே இடைவெளி 0.045 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனை ஒத்த அளவு இது. இடைவெளி குறைந்தால் எண்ணெய் உட்புகாமல் உலோகம் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மிகுந்தாலோ எண்ணெய் ஒழுகி அழுத்தம் தாழ்ந்துவிடும்.

ஆகவே, பிரித்துக் கோக்கும் வேலையில் பெரும்பகுதி கழுவுவதிலும் அளப்பதிலுமே கழிகின்றது. இயந்திர உடலைச் சோப்பு கலந்த வெந்நீரால் கழுவி, எண்ணெய் செல்லும் துளை ஒவ்வொன்றிலும் தூரிகையை விட்டுத் தேய்த்து, காற்றடித்து உலர்த்தி, துரு ஏறுவதற்கு முன்பே எண்ணெய் தடவுகின்றனர். மைக்ரோமீட்டரால் கிராங்கின் ஒவ்வோர் இடத்தையும் இரு திசைகளில் அளக்கின்றனர். ராடின் மூடிகள் இடம் மாறிவிடாதபடி எண்ணிட்டு வைக்கின்றனர். போல்ட்டின் நீளத்தை முறுக்குவதற்கு முன்பே அளந்து குறித்துக்கொள்கின்றனர். அடுத்த முறை கழற்றும்போது அது 0.025 மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் குப்பைக்கே போகும். நீண்டுவிட்ட போல்ட் பழைய வலிமையோடு பிடித்து நிற்காது என்று தம்பி சொல்வான்.

இந்த அளவுகளையெல்லாம் ஏட்டில் எழுதுபவன் பதினெட்டு வயது இளைஞன். நான்காம் ஆண்டில் என் மாணவன். தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த முகம் இன்றும் என் நினைவில் இருக்கின்றது. அவனுடைய ஏட்டை வாங்கிப் பார்த்தேன். சுழியங்கள் அனைத்தும் ஒரே நேர்க்கோட்டில், புள்ளிக்குக் கீழே புள்ளியாக நின்றன.

"புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனா எஞ்சின் போயிடும், டீச்சர்," என்றான், தலை நிமிராமலேயே.

சென்ற ஆண்டு நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். பந்தயத்திற்கு முந்திய சனிக்கிழமை. வண்டிக்குச் சொந்தக்காரர் இளைஞர், நுழைவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டார், நண்பர்களையும் அழைத்துவிட்டார். தம்பி வழக்கம்போல் எண்ணெயை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத் தாளை விரித்துப் பார்த்தான். மடிப்புகளுக்கு இடையே செம்பு நிறத் துகள்கள் மின்னின. காந்தத்தை அருகில் கொண்டு சென்றான், அவை ஒட்டவில்லை. இரும்புத் துகள் அன்று, பேரிங்கின் துகள் என்பது அதிலிருந்து விளங்கியது.

"அண்ணே, காடி நல்லாத்தானே ஓடுது? ஒரு ஓட்டம் மட்டும் ஓட்டிட்டு வந்து பிரிப்போமே," என்று அந்த இளைஞர் கெஞ்சினார்.

"ஓடும் தம்பி. எதுவரைக்கும் ஓடும்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்னுல உன்னை உட்கார வெச்சு அனுப்ப மாட்டேன்," என்றான் என் தம்பி.

பேச்சு தடித்தது. வேறு பட்டறைக்குக் கொண்டு செல்வதாகவும் அவர் சொன்னார். தம்பிக்கு அந்த மாத வாடகை அந்த வேலையை நம்பியே இருந்தது. கணக்கேடு என் கையில்தான் இருந்தது. ஆயினும் அவன் இறங்கி வரவில்லை. "கூலி வேண்டாம், நீயே நின்று பார்," என்று சொல்லிவிட்டு, அன்றிரவே அடிப்பாகத்தைப் பிரித்தான்.

பேரிங் என்பது எஃகு முதுகின்மேல் செம்புக் கலவையும், அதன்மேல் மென்மையான உலோகப் பூச்சும் கொண்ட அரைவட்டத் தகடு. அந்த மென்பூச்சின் வரலாறு, 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் உருவாக்கிய கலவையிலிருந்து தொடங்குகின்றது. மேலே இருப்பது மென்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தூசு வந்தால் அது தன்னுள் புதைத்துக்கொள்ளும். கிராங்கைக் காப்பாற்றித் தான் தேயும். கழற்றிய தகடுகளைத் தம்பி வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக அடுக்கினான். இரண்டாம் ராடின் மேல்பாதித் தகட்டில் பூச்சு முற்றும் தேய்ந்து செம்பு தெரிந்தது. கீழ்ப்பாதியில் அவ்வளவு தேய்மானம் இல்லை.

அதைக் கொண்டே அவன் காரணத்தைக் கூறினான். தகடு முழுதும் கீறல் இருந்தால் அழுக்கு. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். ராடின் மேல்பாதி மட்டும் அடிபட்டிருந்தால் எரிபொருள் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடித்திருக்கின்றது. டர்போ அழுத்தத்தைக் கூட்டியதன் விளைவு அது. புதுத் தகட்டை மட்டும் போட்டு மூடியிருந்தால் அதுவும் விரைவில் தேய்ந்திருக்கும். அழுத்தத்தைக் குறைத்து, எரிபொருள் அளவைச் சரிசெய்த பிறகே புதிய தகடுகள் ஏறின. தொடக்கத்தில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை இயந்திரத்தைச் சுழலவிட்டனர். அந்த இளைஞர் அன்று பந்தயத்தில் ஓடவில்லை. தேய்ந்த தகட்டை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார். இரண்டு மாதம் கழித்து வேறொரு பந்தயத்தில் ஓடித் திரும்பினார். வாடகை ஒரு வாரம் தாமதமாயிற்று.

அமெரிக்காவில் டாப் ஃபியூல் என்னும் உயர்பிரிவில், நான்கு நொடிக்கும் குறைவான ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் குழுவினர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து மீண்டும் கோக்கின்றனர். ஓட்டம் வென்றதா, தோற்றதா என்பதற்கு அங்கே வேறுபாடு இல்லை. வென்ற இயந்திரமும் பிரிக்கப்படுகின்றது.

ஆசிரியர்களே, இந்த இடத்தில்தான் என் எண்ணம் வகுப்பறைக்குச் சென்றது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்புசார் மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலையைக் குறிக்கின்றோம். எண் இன்றியமையாததுதான். ஆனால், 'மூன்று' என்ற எண், பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்கு ஒப்பானது. எந்தப் பக்கம் தேய்ந்தது என்பதை மாணவனின் பிழைதான் சொல்லும். லகர, ளகரத்தை மாற்றி எழுதும் பிள்ளைக்கும், சொல்லின் இறுதியெழுத்தை விட்டுவிடும் பிள்ளைக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பது, காரணம் பாராமல் புதுத் தகட்டைப் போடுவதாகும். நன்றாக ஓடும் பிள்ளையின் ஏட்டையும் இடையிடையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். படிப்பு வராத பிள்ளையைத்தான் பட்டறைக்கு அனுப்புவது என்ற பேச்சை நாம் கைவிட வேண்டும். படிப்பு வேண்டாத இடம் அன்று அது. அளவையும் தசமமும் பொறுமையும் ஒவ்வொரு நாளும் சோதிக்கப்படும் இடம். வண்டியில் ஆர்வமுள்ள பிள்ளையைத் திட்டாதீர்கள். நல்ல தொழிற்கல்விக்கு வழி காட்டுங்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பிள்ளையின் ஏட்டைத் திறக்கும்போது மதிப்பெண்ணுக்கு முன்பாகப் பிழையைப் பாருங்கள். அதைப் பொறுமையாகப் படித்தால், செய்ய வேண்டிய வேலை என்ன என்பது தெரிந்துவிடும்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.