சி.எஸ். விதைத்த கோதுமை

பொள்ளாச்சி பஸ் ஏறும் முன் உக்கடத்தில் ஒரு பரோட்டாக் கடையில் நின்றேன். மாஸ்டர் எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, விளக்கு வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரித்து, கொசுவிச் சுருட்டிக் கல்லில் போட்டார். அந்த மைதாவின் வம்சத்தைத் தேடிப்போனால் மெக்சிகோவின் சொனோரா சமவெளி வரும். அந்த விதையை இந்தியாவுக்குக் கொண்டுவரத் துணிந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சி. சுப்பிரமணியம்.

ஈச்சனாரி தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தென்னை விவசாயி. “சி.எஸ்ஸுங்களா? எங்க பக்கத்து ஆளுங்க. பெரிய படிப்பு, பெரிய பதவி. ஆனாலும் எலெக்‌ஷன்ல தோத்தாருங்க.”

அந்தத் தோல்வியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 1964இல் பிரதமர் சாஸ்திரி அவரை உணவு, வேளாண் அமைச்சராக்கியபோது அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அடுத்த மாதமே மொழிப் பிரச்சினையில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பிறகு பதவியில் நீடித்து, எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் பக்கம் உறுதியாக நின்றார். அயல்நாட்டு விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணியா என்று டெல்லியிலேயே எதிர்ப்பு. 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை வந்து இறங்கியது: லெர்மா ரோஹோ, சொனோரா 64. தன் டெல்லி பங்களாவின் புல்தரையை உழுது அதே கோதுமையை விதைத்தும் காட்டினார். பேசுகிறவர்கள் நிறைய உண்டு. வாசலை உழுதவர் அவர்.

1967 தேர்தலில் தோற்றார். 1968இல் அதுவரை காணாத கோதுமை விளைச்சல். தபால் தலையே வெளியிட்டார்கள். அறுவடையின்போது விதைத்தவர் அமைச்சராக இல்லை. பாரத ரத்னா வந்தது 1998இல்.

அந்த விதையைத் தந்த மெக்சிகோவிலும் இப்படித் துணிந்து மாற்றம் செய்த ஒருவர் உண்டு. சபோடெக் பழங்குடியில் பிறந்து, சிறுவயதில் ஸ்பானிஷே தெரியாமல் வளர்ந்து ஜனாதிபதியான பெனிட்டோ ஹுவாரெஸ். அரசைத் திருச்சபையின் பிடியிலிருந்து விடுவித்தவர். அவர் காலத்துச் சீர்திருத்தங்களில் ஒன்றான 1856ஆம் ஆண்டு நிலச் சட்டம் பழங்குடிகளின் பொது நிலங்களையும் கரைத்தது. அதுபோலவே, சி.எஸ். விதைத்த பசுமைப் புரட்சியும் பஞ்சாபின் நிலத்தடி நீரைக் குடித்தது, மண்ணில் உரத்தைக் குவித்தது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் பசி வாசலில் நின்ற 1966இல் முடிவெடுத்தவர்மேல் மட்டும் அதைச் சுமத்த நான் உடன்படமாட்டேன். நிறைந்த களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த மாற்றத்தைத் தள்ளிப்போட்ட பின்வந்த அரசுகளுக்கே அதில் பெரும்பங்கு.

கிணத்துக்கடவு தாண்டும்போது பெரியவர் தன் தோப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். போர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டதாம். “அன்னிக்கு அவரு விதைய மாத்துனாருங்க. இனி தண்ணிக்கு யாராச்சும் அப்படித் துணியோணுமுங்க” என்றார்.