செல்லாக்காசும் செல்வமே

நம் பங்குக் குடும்பங்களில் பரிசு கொடுப்பதற்கு ஒரு காலமும் முறையும் உண்டு. ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் வெள்ளி அரைஞாண் கொண்டுவருவார். புதுநன்மைக்கு ஞானத்தாய் செபமாலை தருவார். திருமணத்துக்கு உறவினர் மொய் எழுதுவர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு பரிசும் சில இல்லங்களில் உண்டு. அதுவே நினைவு நாணயம். கடையில் கொடுத்துச் சாமான் வாங்குவதற்காக அன்றி, ஒரு மனிதரையோ நிகழ்ச்சியையோ மறவாதிருப்பதற்காக அரசு வெளியிடும் காசு அது.

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964-இல் நேருவின் நினைவாக வெளிவந்தன. அடுத்து, 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்காக 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய் ஆகியவற்றுடன் 10 ரூபாய் வெள்ளி நாணயமும் வந்தது. பதினைந்து கிராம் எடையுள்ள அக்காசில் ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. பம்பாயில் வேலை பார்த்த என் தாய்மாமன் என் ஞானஸ்நானத்துக்கு அரைஞாணுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது அந்தக் காசைத்தான். "பிள்ளைக்கு இதை எப்படிக் கட்டுவது?" என்று பாட்டி கேட்டாராம்.

அதன்பின் கிறிஸ்துமஸ்தோறும் மாமாவின் பெட்டியில் எனக்கென்று ஒரு காசு இருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் நாடு எதற்காகக் கவலைப்பட்டது என்பது விளங்கும். 1970-இல் எல்லோருக்கும் உணவு. 1973-இல் அதிக உணவு உற்பத்தி. 1975-இல் பெண்களின் சமத்துவம். 1979-இல் அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டு. 1987-இல் சிறு விவசாயிகள். இவற்றுட் பல, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் நோக்கங்களை ஒட்டி வெளியானவை. கல்லணைக் கால்வாயின் கடைமடையில், தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்திருக்கும் எங்களுக்கு, நெற்கதிரையும் உழவரையும் நினைக்கும் காசு அந்நியமாகத் தோன்றவில்லை.

தஞ்சைக்கும் இவ்வரிசையில் தனியிடம் உண்டு. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, திருவள்ளுவர் உருவம் பொறித்த 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வெளிவந்தன. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-ஐக் குறித்து 5 ரூபாய் நாணயத்தோடு 1000 ரூபாய் நாணயம் ஒன்றும் அச்சிடப்பட்டது. ஆயிரம் ரூபாய் மதிப்பிட்ட முதல் இந்திய நாணயம் அதுவே. நம் திருச்சபையின் புதல்வியரும் காசில் இடம்பெற்றுள்ளனர். 2008-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட அல்போன்சம்மாளின் பிறப்பு நூற்றாண்டுக்காக 2009-ஆம் ஆண்டு பொறித்த நாணயமும், அன்னை தெரசாவின் நூற்றாண்டுக்காக 2010-ஆம் ஆண்டு பொறித்த நாணயமும் வந்தன. புழக்கத்தில் வந்த அந்த 5 ரூபாய்க் காசுகளை, நம்மில் பலர் முகத்தைப் பாராமலே பேருந்து நடத்துநரிடம் கொடுத்திருப்போம்.

பரிசாக வரும் பெட்டிகளில் சிறப்பானது 'புரூப் செட்' எனப்படுவது. மெருகேற்றிய அச்சினால், மெருகேற்றிய உலோக வில்லையின்மேல் ஒரு தடவைக்கு மேல் அடித்து எடுப்பதால், அதன் தளம் கண்ணாடிபோல் மின்னும். உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் வெண்மையாக நிற்கும். அதை விரல் படாமல் விளிம்பில் பிடிக்க வேண்டும். வீட்டுப் பெண்டிர் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தால் அதன் மதிப்பே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பற்றாத இடத்தில் வைத்தாலே போதும்.

இவ்வளவு பேணிக் காக்கிறோமே, இது முறைதானா என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனை ஆண்டவர் கடிந்துகொண்டார் அல்லவா? செலவழிக்காத காசைப் பெட்டியில் பூட்டி வைப்பவன் அவனுக்கு உறவினன் ஆகிவிட மாட்டானா?

அக்கேள்விக்கு விடை கூற வேண்டிய நாள் 2018 நவம்பர் 16 அன்று வந்தது. அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. எங்கள் தெருவில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கூரை முழுவதும் பறந்துபோயிற்று. ஐந்து உயிர்கள் தார்ப்பாயின் கீழ் இருந்தன. என் கையிலும் அப்போது பணம் இல்லை. எங்கள் தென்னைகளும் விழுந்து கிடந்தன. பெட்டியில் வெள்ளிக் காசுகள் மட்டும் இருந்தன.

முதுமையில் ஊர் திரும்பியிருந்த மாமாவிடம் சென்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாமா, ஞானஸ்நானக் காசையும் சேர்த்து விற்கட்டுமா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "மருமகனே, நான் கொடுத்தது உனக்கு, நீ கொடுப்பது அவர்களுக்கு. இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது?" என்றார். நான் எழுந்தபோது மறுபடியும் அழைத்து, "அந்தக் குழந்தைகள் ஆண்டு அலுமினியக் காசை மட்டும் விற்காதே. அதற்கு எவனும் ஒன்றும் தரமாட்டான்" என்று சிரித்தார்.

நகைக்கடையில் உருக்கும் விலைதான் சொன்னார்கள். நாணயம் சேகரிக்கும் ஒருவர், காசைக் காசாகவே வைத்துக்கொள்வதாகக் கூறிச் சற்றுக் கூடுதலாகத் தந்தார். அப்பணத்தில் தகரக் கூரை போட்டோம். வெள்ளி போன பெட்டியைத் திறக்க எனக்குச் சில மாதங்கள் மனம் வரவில்லை என்பதும் உண்மையே. கொடுப்பது எளிது என்று நான் சொல்லமாட்டேன்.

1979-ஆம் ஆண்டின் 5 பைசாவும் 10 பைசாவும் இன்றும் என்னிடம் உள்ளன. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. ஆயினும் அவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், பம்பாய் ரயிலிலிருந்து இறங்கிய ஒருவர் பத்து வயதுச் சிறுவனை எண்ணிச் சட்டைப் பையைத் தடவிய அந்த அன்பு புலப்படுகிறது. பத்துத் திராக்மாவில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றித் தேடினாள்; கண்டதும் அண்டை வீட்டாரையும் அழைத்து மகிழ்ந்தாள். தேடிப் பேணுவதும் விசுவாசமே. அயலாருடன் பகிர்வதும் விசுவாசமே. எது எந்த நாளுக்கு உரியது என்று அறிவதே விவேகம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைக்கு யாரேனும் நினைவு நாணயம் பரிசளித்தால், அதனோடு ஒரு சிறு தாளையும் வையுங்கள். கொடுத்தவர் பெயர், நாள், காரணம் மூன்றையும் எழுதுங்கள். பழங்காசுக்கு லட்சக்கணக்கில் தருவோம் எனத் தொலைபேசியில் ஆசை காட்டி முன்பணம் கேட்போரை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021-இல் அவர்களைக் குறித்து எச்சரித்திருக்கிறது. அரசு பொறித்த எழுத்து காசின் விலையைச் சொல்லும். கொடுத்தவர் யார், ஏன் கொடுத்தார் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.