படிகாரக் கட்டியும் பத்து வெள்ளிப் புட்டியும்

உங்கள் வீட்டில் படிகாரக் கட்டி இருக்கிறதா? சவரம் முடிந்ததும் முடிதிருத்துபவர் தாடையில் தேய்ப்பாரே, அதுதான். கலங்கிய தண்ணீரில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தால், சேறு திரண்டு அடியில் படிந்துவிடும். மலாய்க்காரர்கள் இதைத் 'தாவாஸ்' என்பார்கள். வியர்வை நாற்றத்துக்கு அக்குளிலும் தேய்த்துக் கொள்வார்கள். பேரங்காடியில் பத்து வெள்ளிக்கு விற்கும் வியர்வைத் தடுப்பு மருந்தும் இந்தக் கட்டியும் ஒரே குலம் என்றால் நம்புவீர்களா?

தோட்டத்தில் பிறந்து, ஜூரோங் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் உழைத்தவன் நான். 1961-இல் சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கத் தொடங்கிய தொழில் நகரம் அது. இன்றும் ஜொகூரிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர். என் அண்ணன் மகளும் அப்படி வந்தவள்தான்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "சித்தப்பா, பஸ்ஸில் நான் மேல்கம்பியைப் பிடிப்பதே இல்லை. கையைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பவள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறாள்."

முதல் மாதச் சம்பளத்தில் வாசனைத் தெளிப்பான் இரண்டு வாங்கியிருந்தாள். வாசனை வந்தது, ஈரம் நிற்கவில்லை. புட்டியின் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தேன். அலுமினியம் என்ற சொல்லே அதில் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்று. கடைக்காரர் கொடுத்தது வேறொன்று.

இந்த வேறுபாட்டை நீங்களும் தெரிந்து கொள்ளுங்கள். நம் உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு நாற்றமே கிடையாது என்று சொல்லலாம். அக்குளில் வாழும் கிருமிகள் அங்கே சுரக்கும் நீரைத் தின்று சிதைக்கும்போதுதான் வாடை எழுகிறது. 'டியோடரண்ட்' என்பது அந்தக் கிருமிகளை அடக்கும், அல்லது வாடையை வாசனையால் மறைக்கும். வியர்வையை அது நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது 'ஆன்டிபெர்ஸ்பிரண்ட்'. அதில்தான் உலோக உப்பு இருக்கிறது.

அந்த உப்பு எப்படி வேலை செய்கிறது? குடத்துத் தண்ணீரை நினைத்துக் கொள்ளுங்கள். படிகாரம் சேற்றைத் திரட்டுவது போல, அலுமினிய உப்பு வியர்வையோடு கலந்து கூழாகத் திரண்டு, வியர்வை வரும் துவாரத்தின் வாயை அடைத்துக் கொள்கிறது. சில நாளில் அந்த அடைப்பு தானே உதிர்ந்துவிடும்.

இந்த மருந்து எளிதில் உருவாகவில்லை. 1888-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 'மம்' என்ற களிம்பு வந்தது. அதில் இருந்தது துத்தநாகம். 1903-இல் அலுமினியம் குளோரைடு கலந்த 'எவர்டிரை' வந்தது. வியர்வை நின்றது, ஆனால் அதன் அமிலம் தோலை எரித்தது, துணியை அரித்தது. அந்த அமிலத்தை அடக்குவதற்கே வேதியியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1940-களில்தான் சாதுவான அலுமினியம் குளோரோஹைட்ரேட் கிடைத்தது. பிறகு சிர்க்கோனியம் என்ற உலோகத்தையும் சேர்த்து வேகத்தைக் கூட்டினார்கள். அந்தத் தூள் மூச்சுக்குழலுக்குள் போனால் தீங்கு என்று அஞ்சி, 1977-இல் அமெரிக்க அரசு தெளிப்பான்களில் சிர்க்கோனியத்தைத் தடை செய்தது.

மருந்தோடு வெட்கத்தையும் சேர்த்து விற்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'ஓடோரோனோ' என்ற மருந்துக்கு 1919-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. உன் மேல் வாடை வீசுவது உனக்கே தெரியாமல் இருக்கலாம் என்று அது பெண்களைப் பயமுறுத்தியது. சுமார் 200 வாசகிகள் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினார்கள். விற்பனையோ ஏறியது!

அப்படியானால் நாம் என்ன செய்வது? வாங்குமுன் பின்புறத்தைப் படியுங்கள். அலுமினியம் என்ற சொல் இருந்தால்தான் வியர்வை குறையும். இரவில் குளித்து, நன்றாகத் துடைத்து, உலர்ந்த அக்குளில் தடவுங்கள். வியர்வை குறைந்த நேரத்தில்தான் உப்பு துவாரத்துக்குள் இறங்கும். சவரம் செய்த உடனே தடவினால் எரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. கையில் காசு இல்லையா? தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கிடைக்கும். அது வியர்வையை அவ்வளவாக நிறுத்தாவிட்டாலும் கிருமியை அடக்கும்.

என் அண்ணன் மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். சரியான புட்டி ஒன்றை வாங்கினாள். இரண்டு மாதத்துக்கு வந்தது. "முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம், சித்தப்பா" என்றாள்.

பெற்றோர்களே, பிள்ளைகளை வெளியூர் வேலைக்கு அனுப்பும்போது சோற்றுப் பொட்டலத்தோடு இந்த விவரத்தையும் சொல்லி அனுப்புங்கள். பால்மரக் காட்டில் நாம் சிந்திய வியர்வையில்தான் அவர்கள் படித்தார்கள். அதை மறைக்க வேண்டிய குற்றமாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது. வேண்டியபோது அளவோடு அடக்கத் தெரிந்தால் போதும்.