தண்டவாளம் முடியும் ஊர்

பஞ்சாபின் ஃபெரோஸ்பூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் போனால், ஹுசைனிவாலாவில் தண்டவாளம் அப்படியே தீர்ந்துவிடுகிறது. பிரிவினைக்கு முன் இதே தடத்தில் சட்லெஜ் ஆற்றைத் தாண்டி கசூர், லாகூர் என்று ரயில்கள் ஓடின.

ஆற்றின் குறுக்கே நிற்கும் கதவணையைப் பார்த்தால் பகையின் ஒரு வேர் தெரியும். 1947-ல் ராட்க்ளிஃப் போட்ட கோட்டில் கதவணை இந்தியாவுக்கு வந்தது. அங்கிருந்து பிரியும் தீபால்பூர் கால்வாயின் வயல்கள் பாகிஸ்தானுக்குப் போயின. 1948 ஏப்ரல் 1-ல் இந்தியப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. மே மாதம் பேசித் தீர்த்து, திறந்துவிட்டார்கள். ஆனால் மறுபடி மூடிவிடுவார்களோ என்ற பயம் போகவில்லை. மேல்வயல்காரர் மடையை அடைத்தால் கீழ்வயல்காரர் மண்வெட்டியோடு கிளம்புவாரே, அதே கதைதான். போர்களுக்கு முதல் காரணம் காஷ்மீர் என்றாலும், இந்தப் பயமும் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது.

கரையில் பகத்சிங், ராஜகுரு, சுக்தேவ் நினைவிடம். 1931-ல் லாகூரில் தூக்கிலிடப்பட்டவர்களை ஆங்கிலேயர் ரகசியமாக எரித்த இடம் இது. பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன இந்த மண்ணை, 1961-ல் 12 கிராமங்களைக் கொடுத்து இந்தியா திரும்ப வாங்கியது. பத்தே ஆண்டில், 1971 போரில் பாகிஸ்தான் படை இங்கே நுழைந்து மூவரின் சிலைகளையும் எடுத்துப் போனது. இத்தனைக்கும் பகத்சிங் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில்தான் இருக்கிறது! 1973-ல் நினைவிடம் மறுபடி எழுந்தது.

மாலையில் கொடியிறக்கம் பார்க்கக் கூட்டம் வருகிறது. இந்தியப் பக்கத்து ஊருக்கு ஹுசைனின் பெயர். கோட்டுக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் இருக்கும் ஊரின் பெயர் கண்டா சிங் வாலா.