மாரி வரமுன் பளையில்

கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகும்போது ஆனையிறவைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. வயலும் வாய்க்காலும் பின்னால் போய்விட, வெண்மணலும் தென்னையும் பனையும் தொடங்குகின்றன. முதலில் இயக்கச்சி, அடுத்தது பளை. மேற்கே கிளாலிக் கடல்நீரேரி, தென்கிழக்கே சுண்டிக்குளத்து நீரேரி. இரண்டு நீருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலம் இது. நான் போனது சோளகம் வீசத் தொடங்கியிருந்த நாட்களில். புலோப்பளைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மண் கொதித்தது, கிணறுகள் அடிக்குப் போயிருந்தன. அந்த வெயிலில் நின்றுகொண்டு வெள்ளத்தைப் பற்றிக் கேட்ட என்னைச் சிலர் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.

ஆனால் வெள்ளத்துக்கு ஆயத்தம் செய்யும் காலம் அதுதான். கார்த்திகையில் தறப்பாள் தேடினால் கடையில் இருக்காது, இருந்தாலும் விலை ஏறியிருக்கும்.

"மணல் தரைக்கு என்ன வெள்ளம், பெய்யிற தண்ணி உள்ளுக்குப் போயிடுமே" என்று வெளியூர் ஆட்கள் சொல்வதுண்டு. ஐப்பசியில் அது உண்மை. கார்த்திகைக்குள் மணல் வயிறு நிறையக் குடித்துவிடும். நிலத்தடி நீர் மேலே வந்து கிணறு தரைமட்டத்தைத் தொடும். அதற்குப் பிறகு பெய்யும் ஒவ்வொரு மழையும் பதிந்த காணிகளில் அப்படியே நிற்கும். இரணைமடுவுக்குக் கீழே இருப்பவர்களின் வெள்ளம் வேறு விதம். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கனகராயன் ஆற்றோரத்துச் சனங்கள் நித்திரைப் பாயிலிருந்து எழுந்து ஓடவேண்டியிருந்தது. அங்கே கணக்கு மணித்தியாலத்தில். பளையில் தண்ணீர் நாட்கணக்கில் மெல்ல ஏறும். அவகாசம் கிடைக்கின்றது என்பது நல்லதுதான். ஆனால் 'இன்னும் ஒருநாள் பார்ப்பம்' என்று இருந்துவிடவும் அதுவே காரணமாகின்றது.

நான் தங்கிய வீடு தெரிந்த அக்கா ஒருவருடையது. 2000ஆம் ஆண்டு சித்திரையில் ஆனையிறவுச் சண்டையோடு வெளிக்கிட்டவர், பத்து வருடங்களுக்கு மேல் எங்கெங்கோ இருந்துவிட்டு, மீள்குடியேற்றத்தில் திரும்பி வந்து, இந்திய வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டினார். கணவர் 2009இலிருந்து இல்லை. இறந்தார் என்று அவர் சொல்வதில்லை, நானும் எழுதவில்லை. நடக்கமுடியாத தாயும், உயர்தரம் படிக்கும் மகளும் அவரோடு. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

குசினிச் சுவரில் கரியால் இழுத்த ஒரு கோடு இருந்தது. 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலின் மழைக்குத் தண்ணீர் வந்து நின்ற மட்டம் அது. என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. "வெள்ளை அடிச்சாலும் இந்தக் கோட்டில மட்டும் அடிக்கமாட்டன்" என்றார். அந்த வீட்டில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கின்றது. அரிசி வாளி, மாப்பேணி, மகளின் புத்தகங்கள், தையல் இயந்திரத்தின் தலை எல்லாம் கோட்டுக்கு மேலே. சுவரில் அடித்த பலகைத் தட்டுக்களுக்கு அவர் பெரிதாகச் செலவழிக்கவில்லை. பழைய கதவுப் பலகையும் நாலு இரும்புக் கவரும்தான்.

அவர் சொன்ன ஒரு சொல்லை அப்படியே எழுதுகின்றேன். "சண்டைக்கு எல்லாத்தையும் தாட்டனாங்கள் பிள்ளை. வெள்ளத்துக்கு ஏத்தவேணும். எங்கட கை இன்னும் தாக்கத்தான் போகுது." எத்தனை வீடுகளில் இது உண்மை! நகையையும் உறுதியையும் பரலுக்குள் போட்டுக் கிடங்கு வெட்டிப் புதைத்த கைகள் எங்களுடையவை. மணலுக்குள் ஊறிவரும் தண்ணீருக்கு அந்தப் புதையல் தாங்காது. சொப்பின் பை ஒன்று போதாது. இரண்டு பைகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, வாய் முறுக்கிக் கட்டி, மூடி இறுகும் பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து, வீட்டின் உயரமான இடத்தில் வைத்திருக்கின்றார் அக்கா. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம், தாயின் கிளினிக் கொப்பி. அவற்றோடு கணவரின் படங்கள், அவரைத் தேடி எங்கெங்கெல்லாம் கொடுத்தாரோ அந்த முறைப்பாடுகளின் பற்றுச்சீட்டுகள். அடையாள அட்டை தொலைந்தால் மறுபடி எடுக்கலாம், அந்தப் பற்றுச்சீட்டுகளுக்குப் பிரதி இல்லை. மகள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வவுனியாவில் உள்ள சித்திக்கும் அனுப்பி வைத்திருக்கிறாள். இதை வாசிக்கும் சகோதரிகள் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. ஒரு சதமும் செலவில்லை.

செயற்கைக் காலைப் பற்றியும் சொல்லவேண்டும். இரவில் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். மாரி தொடங்கியதும் அக்கா அதைத் தலைமாட்டில், பொலித்தீன் பைக்குள் வைக்கின்றார். நனைந்த காலைப் போட்டு நடந்தால் தசை புண்ணாகிவிடும், புண் ஆறும்வரை நடக்கமுடியாது. ஊன்றுகோல் ஒன்றும் கதவடியில் எப்போதும் நிற்கும்.

சாப்பாட்டில் பளைக்குக் குறைவில்லை. பனை இருக்கும் ஊர் அல்லவா! புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, வறுத்த அரிசிமா, மோர்மிளகாய் எல்லாம் அடுப்பு நனைந்தாலும் கைகொடுக்கும். பிஸ்கற் பெட்டிக்காக நிவாரண வரிசையில் நிற்பதைவிட இது மரியாதை என்பது என் எண்ணம். தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. சுற்றிவர வெள்ளம் நிற்கும், குடிக்க ஒரு சொட்டு இராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று கணக்குப் பார்த்து, மூன்று நாளுக்காவது மூடியுள்ள கான்களில் நிரப்பி வைக்கவேண்டும். கிணற்றுக் கட்டு தாழ்வாக இருந்தால் வெயில் காலத்திலேயே இரண்டு வரி கல் உயர்த்திவிடுங்கள். மலசலகூடக் குழியின் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் கிணறு வடியாது. இறைத்து, சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி குளோரின் இட்ட பிறகே பாவிக்கவேண்டும். அதுவரை கொதித்தாறிய நீர். ஜீவனிப் பக்கற் நாலைந்து வீட்டில் இருக்கட்டும். ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர், குறைத்தும் வேண்டாம் கூட்டியும் வேண்டாம்.

2024 டிசம்பரில், அந்த வெள்ளத்துக்குப் பின்னால், யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது சேற்றில் இறங்க நேர்ந்தால், பிறகு காய்ச்சல் வந்தால், பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் 'வெள்ளத்தில் நின்றேன்' என்று வாய்திறந்து சொல்லுங்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் முன்கூட்டியே தடுப்பு மாத்திரை எடுக்கலாம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

இனி, பளைக்கே உரிய ஒரு பயம். முகமாலை தொடக்கம் கிளாலி வரை, வருடக்கணக்காகப் போர்முனையாய்க் கிடந்த நிலம் அது. மிதிவெடி அகற்றும் வேலை அங்கே பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றது. அதில் எங்கள் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். அப்படி வேலை செய்த ஒரு தங்கச்சியை அக்காவின் வீட்டில் சந்தித்தேன். வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்ததை வெளியே கொண்டுவரும், எடை குறைந்ததை இழுத்துக்கொண்டும் போகும் என்றார். தூர நாடான பொஸ்னியாவிலும் 2014 வைகாசி வெள்ளத்தில் இப்படித்தான் மிதிவெடிகளும் எச்சரிக்கைப் பலகைகளும் இடம் மாறிப்போயின. "போன வருசம் நடந்த பாதை எண்டு இந்த வருசம் நம்பக்கூடாது அக்கா" என்றார் அவர். வெள்ளம் வடிந்ததும் விறகு பொறுக்க, மாடு தேட என்று பற்றைக்குள் போகவேண்டாம். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அவர்கள் சண்டையைக் கண்டவர்கள் அல்லர். மூடாமல் விட்ட பழைய பங்கர்களும் மணல் அள்ளிய கிடங்குகளும் வெள்ளம் நின்றால் தெரியாது. அக்கா தன் காணியில் உள்ளவற்றுக்குப் பக்கத்தில் தடி நட்டு சிவப்புத் துணி கட்டுகின்றார். ஓடுகின்ற தண்ணீர் என்றால் அரை அடி போதும், ஆளின் காலைத் தட்டிவிடும்.

எல்லாம் சரி, வீட்டை விட்டு எப்போது வெளிக்கிடுவது? இதைக் கேட்டபோது அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தாயார்தான் உள்ளே படுத்திருந்தபடி, "இனி எங்கயும் ஓடேலாது, இஞ்சயே கிடந்து சாகிறன்" என்றார். சிரிப்பதற்கான பேச்சல்ல அது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை வன்னியில் கொட்டியபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள் நாங்கள். ஓடிய இடத்திலும் வெள்ளம் வந்ததைக் கண்டவர்களுக்கு 'பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்' என்ற அறிவித்தல் வேறு விதமாகத்தான் காதில் விழும். போனால் வீடு போய்விடும் என்ற பயம் எங்கள் எலும்பில் இருக்கின்றது.

நான் சொல்வது இதுதான்: வெள்ளத்துக்குப் போகின்றவர் திரும்பி வருவார், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள். இது அந்த ஓட்டமல்ல. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலையகத்தில் மண்சரிவில் போனவர்கள்தான் அதிகம். இருட்டுமுன் வெளிக்கிட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடியவர்கள் அவர்களுக்குள் எத்தனை பேரோ.

அன்று பின்னேரம் மூவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முற்றத்துத் தென்னையடியில் இரண்டாவது கல் மறைந்தால், தாயாரைக் கதிரையோடு தூக்குவது. அடுத்த வீட்டுத் தம்பியும் அவருடைய மனைவியும் தூக்க வருவார்கள், முன்கூட்டியே சொல்லியாயிற்று. பள்ளிக்கூடத்துக்குத்தான் போவது. மலசலகூடம் எந்தப் பக்கம், இரவில் வெளிச்சம் இருக்குமா, பெண்களுக்குத் தனி அறை உண்டா என்பதை மகள் கிராம அலுவலரிடம் இப்போதே கேட்டு வைப்பாள். ஒரு பையில் மாற்றுடுப்பு, துவாலை, மாதவிடாய்த் துணி, தாயின் மருந்து பத்து நாளுக்கு, ரோர்ச், விசில். போகும்போது மின்சாரத்தின் பிரதான ஆளியை நிறுத்துவது. ஆட்டையும் மாட்டையும் கட்டையில் விடாமல் அவிழ்த்துவிடுவது, கட்டிய கயிற்றிலேயே செத்த மாடுகள் ஊரில் உண்டு. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் கதவின் உள்பக்கத்தில் எழுதியாயிற்று.

தாயார் ஒரு நிபந்தனை வைத்தார். கோழிகளையும் கொண்டுபோகவேணும். ஏழு கோழிகள். பெரிய கடகம் ஒன்றை எடுத்து வந்து, மூடி கட்டினால் கொள்ளுமா என்று மகள் அளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.